மிளகளவுத் துளை

உடலின் உறுப்புகளுள் வயிற்றைப் போல் தமிழர் பேச்சில் இடம்பெற்ற உறுப்பு வேறொன்று இல்லை எனலாம். தாயைப் ‘பெற்ற வயிறு’ என்கிறோம். நல்ல செய்தி வந்தால் ‘வயிற்றில் பால் வார்த்தாய்’ என்கிறோம். அநீதியைக் கண்டால் வயிறு எரிகிறது. அச்சம் வந்தால் வயிறு கலங்குகிறது. பிறர் பிழைப்பைக் கெடுப்பவன் ‘வயிற்றில் அடிக்கிறான்’. இத்துணைச் சொற்களை வயிற்றுக்கு ஈந்த நாம், மெய்யாகவே வயிற்றில் அடிபட்ட ஒருவன் நம்முன் வந்து நிற்கையில் என்ன செய்கிறோம்? காயம் தெரிகிறதா என்று பார்க்கிறோம். குருதி வழிகிறதா என்று பார்க்கிறோம். இரண்டும் இல்லையெனில், “ஒன்றுமில்லை, போய்ப் படு” என்று அனுப்பிவிடுகிறோம். அவ்வாறு ஒரு சிறுவனை அனுப்பிய கதையை இருபது ஆண்டுகளுக்கு மேலாக நம் உள்ளத்திலேயே வைத்திருந்தோம். அதனை இங்கே எழுதுவது நம் கடன்.

2003-ஆம் ஆண்டு மே மாதம். தென் மாவட்டமொன்றில், பனங்காடுகளுக்கு நடுவே அமைந்த சிற்றூர்ப் பங்கில் பணியாற்றிவந்தோம். தனிப்பொறுப்பில் நாம் ஏற்ற முதற் பங்கு அது. நகரம் இருபத்தெட்டு கிலோமீட்டர் தொலைவு. மாலை ஆறரை மணிக்குக் கடைசிப் பேருந்து. 108 அவசர ஊர்தி நம் மாநிலத்தில் ஓடத் தொடங்கியது 2008-இல்தான். ஆகவே, நோயாளி ஒருவரைப் படுக்கவைத்துக் கொண்டுசெல்லத்தக்க வண்டி ஊரில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது பங்கின் பழைய ஜீப்.

அன்று சனிக்கிழமை. இரவு எட்டு மணிக்குப் பங்குத் திருவிழாவின் தேர்ப்பவனி. ஜீப்பில் ஜெனரேட்டரையும் ஒலிபெருக்கிகளையும் ஏற்றிக் கட்டியாயிற்று. ஏழு மணியளவில் விளக்குத் தோரணங்களைப் பார்வையிட்டுக்கொண்டிருந்தபோது, ஒரு தாய் தம் மகனை அணைத்துப் பிடித்தவாறு பங்கு இல்லத்து வாயிலுக்கு வந்தார். பதினொரு வயதுச் சிறுவன். பீடச் சிறுவருள் ஒருவன். தேருக்குப் பூ வாங்கிவர மிதிவண்டியில் சென்றவன், மணல் திருப்பத்தில் சறுக்கி விழுந்திருக்கிறான். விழும்போது ஹேண்டில்பார் திரும்பி, அதன் முனை வயிற்றில் குத்தியிருக்கிறது. ரப்பர் கைப்பிடி கழன்றுபோன வெறும் இரும்புக்குழாய் முனை.

சட்டையைத் தூக்கிப் பார்த்தோம். தொப்புளுக்கு மேலே, ஒரு நாணயத்தின் விளிம்பை அழுத்தி எடுத்தாற்போல் வட்டமாகச் சிவந்த தடம். தோல் கிழியவில்லை, ஒரு துளிக் குருதியும் இல்லை. ஒருமுறை வாந்தி எடுத்தான் என்றார் தாய்.

“சாமி, பிள்ள குனிஞ்சே நடக்கான். டவுனுக்குக் கொண்டு போயிரலாமா?”

நாம் ஜீப்பைப் பார்த்தோம். அதில் கட்டியிருந்தவற்றை இறக்க ஒரு மணி நேரமாகும். தேர் நின்றுவிடும். வெளியூர்க் குருக்கள் வந்து காத்திருக்கின்றனர். “சின்ன அடிதான் அம்மா. காலையில் முதல் பேருந்துக்குப் பார்க்கலாம்” என்றோம். கெபியில் எரிந்த விளக்கின் எண்ணெயைத் தொட்டுச் சிறுவனின் நெற்றியில் சிலுவை வரைந்து செபித்தோம். ஒரு சோடா வாங்கிக் கொடுக்கச் சொன்னோம். தேர் சிறப்பாக ஓடியது.

ஞாயிறு காலைத் திருவிழாத் திருப்பலி முடிந்ததும் அத்தாய் வந்து, “வலி கொறஞ்சிருக்கு சாமி” என்றார். நம் நெஞ்சு குளிர்ந்தது. செபம் கேட்கப்பட்டது என்றே நம்பினோம். முதல் பேருந்தைப் பற்றி இருவரும் பேசவில்லை. நண்பகல் கடந்தபின் உபதேசியார் ஓடிவந்து அழைத்தார். சென்று பார்த்தபோது, சிறுவன் பாயில் முழங்கால்களை மடக்கி அசையாமல் கிடந்தான். உடம்பு அனலாய்க் கொதித்தது. உதடு வறண்டிருந்தது. வயிறு உப்பி, தொட்டால் பலகையைத் தொட்டாற்போல் இறுகியிருந்தது. கை வைத்தபோது அவன் அலறவில்லை; மூச்சை மட்டும் நிறுத்திக்கொண்டான். அந்த மூச்சு நின்ற கணத்தை நாம் இன்னும் மறக்கவில்லை. ஜீப் புறப்பட்டது. மருத்துவமனையை அடைந்தபோது மணி இரண்டரை. அடிபட்டு இருபத்தொரு மணி நேரம் ஆகியிருந்தது.

அறுவை முடிந்த இரவு, மருத்துவர் நம்மைத் தனியே அழைத்தார். மருந்துச் சீட்டு ஒன்றின் பின்புறத்தில் குடலின் படத்தை வரைந்து, ஓரிடத்தில் பேனா முனையை ஊன்றிக் காட்டினார். “மிளகு அளவு துளை ஃபாதர். அவ்வளவுதான்.” சற்று நிறுத்தி, “நேற்று இரவே வந்திருந்தால் தைத்துவிட்டு ஒரு வாரத்தில் அனுப்பியிருப்போம்” என்றார். அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை. அதனால்தான் அது இன்னும் ஆழமாகத் தைத்தது.

அன்று அவர் சொன்னவற்றையும், பின்னர் நாம் தேடிப் படித்தவற்றையும் வாசகர் முன் வைக்க விரும்புகிறோம். ஏனெனில், அறியாமையால் நேர்ந்த பிழைக்கு அறிவைப் பகிர்வதும் ஒரு பரிகாரமே.

சிறுகுடல் ஏறத்தாழ ஆறு மீட்டர் நீளமுள்ள மெல்லிய குழாய். அதன் சுவர் நான்கு அடுக்குகளால் ஆனது. உள்ளே உணவை உறிஞ்சும் சளிப்படலம், அதற்கடுத்து நாரிழைகளும் குருதிக்குழாய்களும் நிறைந்த அடிப்படலம், அதன்மேல் தசைப்படலம், வெளியே வழவழப்பான மேலுறை. இக்குழாயின் பெரும்பகுதி விசிறி மடிப்புப் போன்ற ஒரு தாங்கியில் தொங்கிக்கொண்டு, வயிற்றறைக்குள் வழுக்கி நகரும் உரிமை பெற்றுள்ளது. பெரும்பாலான அடிகளிலிருந்து அது தப்பிப்பது இந்த நெகிழ்ச்சியால்தான். ஆனால் எல்லா அடிகளிலிருந்தும் தப்பிக்க இயலாது.

வெளியே தோல் கிழியாமல் உள்ளே குடல் கிழிவது மூன்று வழிகளில் நிகழ்கிறது. முதலாவது, நசுங்குதல். முன்னிருந்து வரும் இரும்புக்கும் பின்னிருக்கும் முதுகெலும்புக்கும் இடையே குடல் அகப்பட்டுக்கொள்கிறது; அம்மிக்கும் குழவிக்கும் இடைப்பட்டது போல. சிறுவரின் வயிற்றுச் சுவர் மெல்லியது. எலும்புக்கும் தோலுக்கும் இடைத்தூரம் மிகக் குறைவு. ஆகவேதான் மிதிவண்டியின் சிறு முனை அவர்களுக்குப் பேராபத்தாகிறது. இரண்டாவது, இழுபட்டுக் கிழிதல். விரைந்து செல்லும் உடல் திடீரென நிற்கும்போது, தொங்கும் குடல் முன்னோக்கி ஓட, உடலோடு பிணைக்கப்பட்டுள்ள பகுதிகள் அசையாமல் நிற்கின்றன. முன்சிறுகுடல் முடிந்து அடுத்த பகுதி தொடங்கும் இடமும், சிறுகுடல் பெருங்குடலைச் சேரும் இடமும் அத்தகையவை. மூன்றாவது, வெடித்தல். குடலின் ஒரு வளையம் இரு முனைகளிலும் அடைபட்டு அழுத்தப்படும்போது, உள்ளிருக்கும் காற்றும் நீரும் செல்ல வழியின்றிச் சுவரைப் பிளக்கின்றன. காற்றடைத்த பையைக் கையால் தட்டி உடைப்பது போன்றது இது.

பனையிலிருந்து தவறி விழுவோர்க்கும், மஞ்சுவிரட்டில் காளை முட்டியோர்க்கும், வண்டி மோதலில் ஸ்டீயரிங் வயிற்றில் அழுந்தியோர்க்கும் இவை நேரலாம். இடுப்பில் கட்டவேண்டிய இருக்கைப் பட்டை மேலேறி வயிற்றில் பதிந்தாலும் நேரலாம். அதற்காகப் பட்டையே வேண்டாம் என்பது பேதைமை, ஏனெனில் அது காக்கும் உயிர்கள் மிகப் பல. கடலோர மக்கள் அறிந்த இன்னொரு வழியும் உண்டு. விழுங்கிய மீன்முள் பெரும்பாலும் தீங்கின்றி வெளியேறிவிடும். அரிதாகக் குடல் குறுகும் இடத்தில் குறுக்கே நின்று, உள்ளிருந்தே துளைத்துவிடும். வேறு சிலரிடம் அடிபட்ட அன்று துளையே இராது. குடலைத் தாங்கும் மடிப்பு கிழிந்து குருதியோட்டம் நின்றுபோக, சில நாள்களில் அப்பகுதி அழுகிப் பின்னர்த் துளைபடும்.

இனி, நம்மை ஏமாற்றிய அந்த ஞாயிறு காலைக்கு வருவோம். வலி ஏன் குறைந்தது? துளை சிறிதாயின், உள்ளிருக்கும் சளிப்படலம் வெளியே பிதுங்கி, தக்கை போல் அதனைச் சிறிது நேரம் அடைத்துவிடுகிறது. அடிபட்ட குடல் தன் அசைவை நிறுத்திக்கொள்கிறது. அதனால் கசிவும் குறைகிறது. குடலுக்கு முன்னே திரைபோல் தொங்கும் ஓமெண்டம் என்னும் கொழுப்பு மடிப்பு, புண்ணைச் சென்று ஒட்டி மூட முயல்கிறது. ‘வயிற்றின் காவலர்’ என்று அறுவை மருத்துவர்கள் அதனை அழைப்பர். சிறுவர்க்கு அக்காவலர் மெலிந்தவர். மேலும், இரைப்பையில் உள்ள அமிலம் வெளியே கசிந்தால் கத்தியால் குத்தினாற்போல் உடனே வலிக்கும்; சிறுகுடலின் மேற்பகுதியில் உள்ள நீரோ அத்துணைக் காரமற்றது, கிருமிகளும் அங்கே குறைவு. ஆகவே அது ஓசையின்றிக் கசிகிறது. நாம் ‘குணம்’ என்று எண்ணிய அக்காலை, தீ சாம்பலுக்குள் கிடந்த வேளையாகும்.

இன்னொன்றும் அறியத்தக்கது. குடலை வெட்டினாலும் சுட்டாலும் அதற்கு வலி தெரியாது. இழுத்தாலோ உப்பினாலோதான் தெரியும். வலியைத் துல்லியமாக உணர்வது வயிற்றறையின் உட்சுவரைப் போர்த்தியுள்ள பெரிட்டோனியம் என்னும் மெல்லுறை. இவ்வுறையின் மொத்தப் பரப்பு நம் தோலின் பரப்புக்கு ஏறத்தாழ இணையானது. கசிந்த நீர் அதனைத் தீண்டிக் கிருமிகள் பெருகும்போது, தோல் முழுவதும் வெந்தவர்க்கு நேர்வது போல் உடலின் நீர் அவ்வறைக்குள் சுரந்து வற்றுகிறது. நாடி விரைகிறது, குருதியழுத்தம் வீழ்கிறது, நஞ்சு குருதியில் கலக்கிறது. வயிற்றுத் தசைகள் உள்ளிருப்பதைக் காக்கப் பலகையாய் இறுகுகின்றன. அசைந்தால் வலிக்கும் என்பதால் நோயாளி அசைவதில்லை. ஆகவே, துடிக்கும் பிள்ளையைக் காட்டிலும் அசையாது கிடக்கும் பிள்ளையைக் கண்டே அஞ்சவேண்டும்.

எக்ஸ்ரே படத்தில் உதரவிதானத்தின் கீழே காற்று தெரிந்தால் துளை உறுதி. ஆனால் சிறுகுடல் இவ்வாறு கிழிந்தோர் பலரிடம் அக்காற்று தெரிவதில்லை. ஸ்கேனும் தொடக்கத்தில் ஏமாற்றுவது உண்டு. ஆகவே, அடிபட்டவரை மருத்துவமனையில் வைத்து, சில மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் மீண்டும் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதே இன்றும் மருத்துவர் கைக்கொள்ளும் வழி. காலம் கடக்கக் கடக்க இறப்பும் சீழ்க்கட்டிகளும் மிகுகின்றன. ஒரு நாள் கடந்துவிட்டால் ஆபத்து பன்மடங்காகிறது. உண்ணவோ குடிக்கவோ ஒன்றும் கொடுக்கலாகாது. நாமோ சோடா வாங்கிக் கொடுத்திருந்தோம்.

அச்சிறுவனுக்குக் கிழிந்த ஓரங்களை நீக்கித் தைத்தார்கள். வயிற்றறையை வெதுவெதுப்பான உப்புநீரால் பலமுறை கழுவினார்கள். குடலைத் தைப்பதில் ஒரு நுட்பம் உண்டு. பளபளக்கும் மேலுறையோ மென்மையான சளிப்படலமோ தையலை உறுதியாகத் தாங்குவதில்லை. இரண்டுக்கும் நடுவே மறைந்துள்ள அடிப்படலமே தாங்குகிறது. அமெரிக்க அறுவை மருத்துவர் ஹால்ஸ்டெட் 1887-இல் இதனை எடுத்துரைத்தார். தையலிட்ட முதல் சில நாள்கள் குடல் தன் வலுவில் மிகத் தாழ்ந்து நிற்கும். பிறகே புது நார்கள் பின்னிக்கொள்ளும். நம் சிறுவனுக்குத் தையல் தாங்கியது. ஆனால் அதற்குள் பரவிவிட்ட சீழ் அடிவயிற்றில் கட்டியாகத் திரண்டு, ஏழாம் நாள் மீண்டும் அறுவை செய்ய நேர்ந்தது. முப்பத்தொரு நாள் மருத்துவமனையில் கிடந்தான். அவ்வாண்டுப் பள்ளி திறந்தபோது வகுப்பில் அவன் இடம் வெறுமையாய் இருந்தது. தந்தை இரண்டு ஆடுகளையும் மனைவியின் கம்மலையும் விற்றார். அவன் பிழைத்தான்.

குருமடத்தில் புதிய ஏற்பாட்டுக் கிரேக்கம் பயின்றபோது ஒரு சொல்லை மனப்பாடம் செய்தோம். ‘ஸ்பிளாங்னிட்சொமாய்’. நம் மொழிபெயர்ப்புகளில் ‘பரிவு கொள்ளுதல்’ என்று வருவது. அதன் வேர்ச்சொல் ‘ஸ்பிளாங்னா’. உள்ளுறுப்புகள், குடல்கள் என்பது அதன் பொருள். பிறர் துயர் கண்டு குடல் அசைவதே பரிவு. தேர்வில் இதற்கு நல்ல மதிப்பெண்ணும் பெற்றோம். நல்ல சமாரியர் உவமையில் லூக்கா கையாள்வது அச்சொல்லைத்தான். அவ்வுவமையில் அடிபட்டவனைக் கண்டு விலகிச் சென்றவருள் முதல்வர் ஒரு குரு என்பதை எத்தனை மறையுரைகளில் சொல்லியிருப்போம்! அவர் கல்நெஞ்சர் என்றே எண்ணியிருந்தோம். அத்திருவிழாவுக்குப் பின் அவ்வாறு எண்ண இயலவில்லை. அவருக்கும் அன்று ஏதேனும் வழிபாடு இருந்திருக்கலாம். சமாரியர் எண்ணெய் வார்த்தார். நாமும் எண்ணெய் இட்டோம். ஆனால் அவர் எண்ணெயோடு நிறுத்தவில்லை. தாம் ஏறிவந்த விலங்கை விட்டு இறங்கி, அடிபட்டவனை அதன்மேல் ஏற்றினார். நம்மிடமும் ஏற்றிச்செல்ல ஒரு வண்டி இருந்தது. அதில் ஒலிபெருக்கிகள் இருந்தன.

செபத்தையும் மருத்துவத்தையும் எதிரெதிரே நிறுத்துவோர் நம்மிடையே உண்டு. அவர்கள் 1981 மே 13-ஐ நினைவுகூர்தல் நன்று. பாத்திமா அன்னையின் நினைவு நாளாகிய அன்று, புனித பேதுரு சதுக்கத்தில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் சுடப்பட்டார். குண்டு வயிற்றில் புகுந்து பெருங்குடலையும் சிறுகுடலையும் துளைத்துச் சென்றது. தாமதமின்றி ஜெமெல்லி மருத்துவமனைக்குக் கொண்டுசென்றனர். ஐந்து மணி நேரத்துக்கு மேல் அறுவை நடந்தது. புண்பட்ட குடல் ஆறும்வரை மலம் வேறு வழியே வெளியேறப் பெருங்குடலின் ஒரு பகுதியை வயிற்றுச் சுவரில் திறந்துவைத்தனர். ஆகஸ்டு மாதத்தில் மற்றோர் அறுவையால் அதனை மூடினர். தம்மைக் காத்தது அன்னையின் கரமே என்று அவர் இறுதிவரை நம்பினார். அக்குண்டு இன்று பாத்திமா அன்னையின் மணிமுடியில் பதிந்திருக்கிறது. ஆயினும் அந்த நம்பிக்கை மருத்துவரின் கத்திக்குப் போட்டியாக நிற்கவில்லை. ஓடிய ஊர்தியும், தைத்த கைகளும், வேண்டிய உதடுகளும் ஒரே அருளின் கருவிகளாயின. 1983 டிசம்பர் 27 அன்று அவர் சிறைக்கே சென்று, தம்மைச் சுட்டவரோடு அமர்ந்து பேசியதை உலகறியும். குடல் கிழிந்தவர் குடல் அசையப் பெற்றவராயும் விளங்கினார்.

நம் கதையில் மன்னிப்பு அவ்வளவு விரைவில் வரவில்லை. ஏனெனில் நாம் கேட்கவில்லை. அத்தாய் ஒவ்வொரு திருவிழாவிலும் நம்மைத் தேடிவந்து, “ஒங்க செபத்தாலதான் சாமி பிள்ள பொழச்சான்” என்பார். நாம் வேறு பங்குகளுக்கு மாற்றலாகிச் சென்றபின்னும் கிறிஸ்து பிறப்பு நாளில் பனங்கிழங்கோ கருப்பட்டியோ வந்து சேரும். நாமும் பெற்றுக்கொண்டோம். மறுக்க வாயெடுப்போம், அருகில் யாரேனும் நிற்பர், புன்னகைத்துவிடுவோம். அடைபட்ட துளை ஆறிய துளை ஆகாது என்பதைக் குடலைப் பற்றிப் படித்து அறிந்த நாம், நம் உள்ளத்தைப் பற்றி அறியாதவர் போலிருந்தோம்.

சென்ற ஆண்டு அந்தச் சிறுவனின் (இப்போது அவன் முப்பதைத் தாண்டிய தச்சன்) குழந்தைக்குத் திருமுழுக்கு அளிக்க அழைத்திருந்தார்கள். சடங்கு முடிந்தபின், வேப்ப மரத்தடியில் அத்தாயோடு தனித்து அமர வாய்த்தது. மருத்துவர் சொன்னதை, ஜீப்பை, சோடாவை, எல்லாவற்றையும் சொன்னோம். நம் செபத்தால் அல்ல, நம் தாமதத்தையும் மீறியே அவன் பிழைத்தான் என்றோம்.

அவர் நெடுநேரம் பேசவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, “அன்னைக்கு வண்டியக் கேட்டுச் சண்ட போடாம திரும்பிட்டேனேன்னு நானும் இத்தன வருசமா அழுதிருக்கேன் சாமி” என்றார். எழுந்து இரண்டடி நடந்தவர் திரும்பி நின்றார். “இனி எந்தப் பிள்ள வந்தாலும் வண்டியக் குடுத்துருங்க.”

இருபது ஆண்டுகளாக நம் பிழையின் சுமையில் பாதியை அத்தாயும் சுமந்திருக்கிறார். நாம் அன்றே வாய் திறந்திருந்தால் அவருக்கு அச்சுமை இருந்திராது. இதுவே நம் இரண்டாவது பிழை, முதலாவதைவிடப் பெரிது. முதலாவதற்கு அறியாமையேனும் துணைநின்றது.

அன்பார்ந்த வாசகரே, இன்று நம் பங்கில் எந்தத் திருவிழாவிலும் பங்கின் வண்டியில் எதையும் ஏற்றிக் கட்டுவதில்லை. ஓட்டுநரோடு அது வாயிலில் வெறுமையாய் நிற்கும். மறைக்கல்வி முடிந்ததும் பிள்ளைகளின் மிதிவண்டிகளைச் சுற்றிவந்து, ரப்பர் இல்லாத கைப்பிடி முனைகளுக்கு நாமே ரப்பர் பொருத்துகிறோம், விலை சொற்பமே. பிள்ளைகள் சிரிக்கின்றனர். சிரிக்கட்டும். உங்கள் வீட்டுப் பிள்ளை வயிற்றில் அடிபட்டு வந்தால், காயம் தெரியவில்லை என்று ஆறுதல் கொள்ளாதீர். குனிந்து நடந்தால், வாந்தி எடுத்தால், இருமும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டால், ஒன்றும் கொடாமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். வழியில் செபியுங்கள்.